வேலிக்கு அப்பால் ஒரு வீடு எழும்புகிறது

முன்பு எங்கள் தீவுக் கிராமமான சுருவிலில் ஒருவர் வீடு கட்டப்போனால், பக்கத்து வளவுக்காரருக்கு அது முன்கூட்டியே தெரியும். நிலையம் எடுக்கும் நாளில் அவரும் நிற்பார். அத்திவாரம் வெட்டுபவர்களுக்கு அவர் வீட்டுக் குசினியிலிருந்தும் தேநீர் போகும். குடிபூரலன்று அவர் முற்றத்திலும் கிடாரம் ஏறும். இன்று அயலில் வேலை தொடங்கிவிட்டது என்பதைக் காலையில் பெக்கோவின் உறுமல்தான் சொல்கிறது.

அன்று பழைய வீட்டை இடிப்பதில்லை, பிரிப்பார்கள். சுண்ணக்கல்லையும் முருகைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய சுவர் அது. அலவாங்கால் நெம்பினால் கல் முழுசாகக் கழன்று வரும். ஓடுகளைக் கைமாற்றி இறக்கி, பனஞ்சிலாகைகளை ஆணி கழற்றி அடுக்குவார்கள். ஒரு வீட்டின் நிலையும் கதவும் இன்னொரு வீட்டுக்குப் போய் அங்கே ஒரு தலைமுறை நிற்கும். வேலை வாரக்கணக்கில் இழுபடும். ஆனால் ஓடு இறக்குவதற்கு முதல்நாள் ஒருவர் வேலியால் எட்டி, "அண்ணை, நாளைக்குத் தூசி பறக்கும், கிணத்தை மூடி விடுங்கோ" என்று சொல்லிப் போவார். நாலு கிடுகு போதும், கிணறு மூடிவிடும்.

1950-இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தபின் சாந்து மாறத் தொடங்கியது. 1988-இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் முருகைக்கல் அகழ்வைத் தடுத்தது. இன்றைய சுவர் புளொக்கல், தூண் கொங்கிறீற். சீமெந்து பிடித்த கல் பிரியாது, உடையத்தான் செய்யும். பெக்கோ அரை நாளில் ஒரு வீட்டை மண்மேடாக்கிவிடுகிறது. நிலையும் சிலாகையும் அந்த மண்ணோடு டிப்பரில் போகின்றன. அன்றைய தூசி பெரும்பாலும் சுண்ணாம்பு. கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் கிடந்தால், இன்றைய தூசி நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். நனைத்து, முழுச் சீற்றாகக் கழற்றி இறக்கினால் ஆபத்துக் குறையும். அந்தப் பொறுமை பெக்கோவுக்கு இல்லை.

சுவர் வெடிப்புக்கும் அன்று ஒரு வழி இருந்தது. பழைய மேசன்மார் வெடிப்பின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டிவிடுவார்கள். சுவர் மேலும் அசைந்தால் கண்ணாடி உடையும். இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று பார்ப்பார்கள். வழக்கு அங்கேயே முடியும். நான் இன்று என் சுவரைக் கைபேசியில் திகதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணாடியைவிட இது திருத்தமான சாட்சி. ஆனால் அதைக் காட்டவேண்டிய பக்கத்து வளவுக்காரர் ரொறன்ரோவில் இருக்கிறார். எனக்குப் பொழுதுபடும்போது அவருக்கு விடிகிறது. "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று வட்ஸ்அப்பில் குரல் வருகிறது.

தீவில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதவலு எடுத்த அளவே வந்தது. இன்று மோட்டர் போட்டுக் கொங்கிறீற்றுக்கு நாள்முழுதும் இறைத்தால் பக்கத்துக் கிணறும் உவர்க்கக்கூடும். உவர்நீரில் குழைத்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும் என்பதால், விபரமான மேசன் பவுசரில் தண்ணீர் எடுப்பிக்கிறார். அது வீட்டுக்கும் நல்லது, அயலுக்கும் நல்லது.

1707-இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம், காணியை விற்குமுன் உரித்துக்காரருக்கும் பங்குக்காரருக்கும், அதை ஈடு பிடித்திருந்த அயற்காணிக்காரருக்கும் அறிவித்து, வாங்க முன்னுரிமை கொடுக்கச் சொன்னது. 1947-இன் கட்டளைச் சட்டம் அந்த முன்னுரிமையைப் பங்குக்காரரோடும் உரித்துக்காரரோடும் நிறுத்திக்கொண்டது. 1996-இன் ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளோ கட்டட வேலைக்குப் பகலில் 75 டெசிபல், இரவில் 50 என்று எல்லை வைத்தன. அயலட்டைக்குச் சொல்லிச் செய்யும் வழக்கம் போய், அளவு வந்திருக்கிறது. அளக்கும் கருவி என் வீட்டில் இல்லை.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றை மறைக்கக்கூடாது. 1990 ஓகஸ்ற்றில் அரச படை தீவுக்குள் இறங்கியபின் சனம் வெளியேறியது. கதவும் ஓடும் பறிபோன வீடுகள் வருடக்கணக்காகக் கூரையின்றி நின்றன. சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்தது. அப்போது பக்கத்து வளவில் சத்தமே இல்லை. அந்த அமைதியைவிட இந்த இரைச்சல் மேல்.

ஆகவே கட்டுங்கள். தொடங்குவதற்கு முதல்நாள் மட்டும் வேலியால் எட்டி ஒரு சொல் சொல்லிவிடுங்கள். வேலி மதிலாகிவிட்டிருந்தால் தொலைபேசியிலாவது. கிணற்றை மூட எங்களுக்கு அந்த ஒரு நாள் போதும்.