ஆழாக்கில் அளந்த கைமணம்

"உப்பு எவ்வளவு போடணும் அத்தை?" என்று புது மருமகள் கேட்டால், தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: "பார்த்துப் போடும்மா. பழகினா கையே சொல்லும்."

கை பழகும்வரை பக்கத்தில் ஆள் இருந்த காலம் அது. கும்பகோணத்திலிருந்தும் மாயவரத்திலிருந்தும் பிழைப்புக்காகச் சென்னை, பம்பாய், டில்லி என்று குடும்பங்கள் கிளம்பியபோது, பதினெட்டு வயதுப் பெண் தனி அடுப்புக்கு முன்னால் நின்றாள். கேட்க அத்தையும் இல்லை, அம்மாவும் இல்லை.

அந்தத் தவிப்பைப் புரிந்துகொண்டவர் எஸ்.மீனாட்சி அம்மாள். 1905இல் பிறந்தவர், இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அவருடைய கைமணம் உறவுக்குள் பிரசித்தம். வெளியூரில் இருந்த சொந்தக்காரப் பெண்கள் பக்குவம் கேட்டுக் கடிதம் போடுவார்கள், இவரும் சலிக்காமல் எழுதி அனுப்புவார். "இதையே புத்தகமாக எழுதேன்" என்று தூண்டியவர் அவருடைய உறவினரான கே.வி.கிருஷ்ணசாமி ஐயர். 1951இல் சென்னையில் 'சமைத்துப் பார்' வெளிவந்தது.

சமையல் நூல் தஞ்சைக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைப் பக்குவங்களைச் சொல்லும் 'சரபேந்திர பாகசாஸ்திரம்' சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அது ராஜா வீட்டு மடைப்பள்ளியின் கணக்கு. மீனாட்சி அம்மாள் எழுதியதோ நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு.

அவர் செய்த பெரிய காரியம், கண்ணளவை அளவாக்கியது. ஆழாக்கு, பலம், ரூபாய் எடை என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தார். எட்டு ஆழாக்கு ஒரு படி. ரூபாய் எடை என்றால் பழைய வெள்ளி ரூபாயின் எடை, ஒரு தோலா, ஏறக்குறைய 11.66 கிராம். தராசின் ஒரு தட்டில் நாணயம், மறு தட்டில் தனியா. தட்டு சமமானால் சாம்பார்ப் பொடி பிசகாது. மெட்ரிக் முறை நாட்டுக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சமையலறையில் கிடந்த சாமான்களை வைத்தே அவர் இதைச் சாதித்துவிட்டார்.

கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் பட்டுப்புடவையோடு இந்தப் புத்தகமும் ஏறியது. பிறகு 'குக் அண்ட் சீ' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்து கடல் கடந்தது. 1962இல் அவர் காலமான பின்பும் குடும்பத்தார் பதிப்பைக் கைவிடவில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. அவர் எழுதியது பிராமண வீட்டுச் சைவச் சமையல். காவிரிக் கரையின் விரால் மீன் குழம்பும் நண்டு ரசமும் கருவாட்டுத் தொக்கும் அதில் இல்லை. அவற்றை ஆக்கிய பெண்களின் கைக்கணக்கையும் அதே அக்கறையோடு அன்றே யாராவது குறித்து வைத்திருக்க வேண்டும். அந்த ஏக்கம் நியாயமானது.

அளவுக்கு அடங்காத இடம் ஒன்றும் டெல்டாவில் உண்டு. தை அறுவடை முடிந்து புது அரிசி உலைக்கு வரும்போது, பழைய அரிசிக்கு வைக்கும் தண்ணீரை வைத்தால் சோறு குழைந்துவிடும். வீட்டுப் பெண் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறாள். பிறகு பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, அரிசியைப் போடுகிறாள்.