ஆயுத பூசைக்குக் காரைக் கழுவும் முன்

சென்ற ஆண்டு ஆயுத பூசைக்கு முந்தைய நாள் இரவு, 62 வயதுடைய ஒருவர் கடும் மூச்சுத் திணறலுடன் எமது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். ஆஸ்துமாவுக்காக ஏழு ஆண்டுகளாக எங்களிடம் சிகிச்சை பெறுபவர். புகைப்பழக்கம் இல்லாதவர். உள்ளிழுக்கும் மருந்தை ஒரு வேளையும் தவறவிடாதவர். அன்றிரவு ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல அவரால் இயலவில்லை. கண்கள் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

"காரைத்தான் கழுவிக்கொண்டிருந்தார் டாக்டர். நாளைக்குப் பூசை" என்றார் மகன்.

தூறல் விழுந்ததால் காரைக் கொட்டகைக்குள் நிறுத்தி, கதவுகளைச் சாத்திக்கொண்டு, உள்ளே அமர்ந்து இருக்கையின் கறையைத் தேய்த்திருக்கிறார். கறை போகவில்லை. கால்மாட்டில் இருந்த வாளியில் பிளீச்சிங் பவுடர் கரைசலையும், கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்திருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய காருக்குள் அதைச் சில நிமிடங்கள் சுவாசித்ததே அவரை எங்களிடம் கொண்டுவந்தது. மூன்று நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பினார்.

அவர் சென்ற பின் அவருடைய பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தோம். அதற்கு முந்தைய பத்து மாதங்களில் இரண்டு முறை, "இரவில் இருமல் கூடுகிறது, ஞாயிறும் திங்களும்தான் அதிகம்" என்று சொல்லியிருந்தார். ஊதுவத்தி, கொசுவர்த்தி, வளர்ப்புப் பிராணி, வீட்டுத் தூசி என்று எல்லாவற்றையும் விசாரித்த நாங்கள், இரண்டு முறையும் மருந்தின் அளவை உயர்த்தி அனுப்பினோம். பத்து மாதங்களுக்கு முன் அவர் ஒரு பழைய கார் வாங்கியதையும், ஞாயிறுதோறும் காலையில் அதைத் தம் கையாலேயே துடைத்துப் பளபளப்பாக்கி வந்ததையும் நாங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அந்தத் தவற்றிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

காருக்குள் ஏன் ஆபத்து அதிகம்?

பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றில், உயரமும் பத்தடியானால், சுமார் 28 கன மீட்டர் காற்று இருக்கும். சாதாரணக் காரின் உட்புறத்தில் இருப்பதோ ஏறத்தாழ 3 கன மீட்டர். அறையில் தெளித்தால் பரவிக் கரைந்துபோகும் அதே அளவு மருந்து, காருக்குள் ஒன்பது மடங்கு அடர்த்தியாக நிற்கும் என்று பொருள். அதோடு, குனிந்து துடைக்கும்போது முகம் துடைக்கும் இடத்திற்கு மிக அருகில் இருக்கிறது.

பீய்ச்சும் பொருள்கள் கூடுதல் தொல்லை தருபவை. துணியில் ஊற்றிய திரவம் துணியில் தங்கும்; பீய்ச்சிய திரவமோ நுண்துளிகளாகிக் காற்றில் மிதந்து மூச்சுக்குழாய்க்குள் செல்லும். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டனர். வீட்டிலோ தொழிலாகவோ துப்புரவுப் பணி செய்த பெண்களின் நுரையீரல் திறன், அப்பணி செய்யாத பெண்களைவிட விரைவாகக் குறைந்திருந்தது. ஆண்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. அது வீட்டுத் துப்புரவைப் பற்றிய ஆய்வு. காரைப் பற்றியது அன்று. ஆயினும் பிளீச், அம்மோனியா, கிருமிநாசினிகள் போன்ற எரிச்சலூட்டும் பொருள்கள் இரண்டிலும் பயன்படுகின்றன. நுரையீரலுக்கு வீடு, கார் என்ற வேற்றுமை தெரியாது.

எதை வாங்குவது?

மறுபரிசோதனைக்கு வந்தபோது, கார் துடைக்க வைத்திருக்கும் எல்லாவற்றையும் கொண்டுவருமாறு அவரிடம் சொல்லியிருந்தோம். ஒரு மஞ்சள் பையில் ஏழு புட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வரிசையாக வைத்தார்.

முதலாவது, கார் ஷாம்பு. அமிலமும் காரமும் இன்றி நடுநிலையாக இருப்பது. வாளி நீரில் சிறிதளவு போதும். இதை வைத்துக்கொள்ளச் சொன்னோம். துணி துவைக்கும் பவுடர் காரத்தன்மை உடையது. காரின் மெழுகுப் பூச்சையும் கழுவுபவரின் கைத்தோலையும் அது உலர்த்திவிடும்.

இரண்டாவது, டாஷ்போர்டுக்கான பளபளப்பு ஸ்பிரே. மூன்றாவது, அம்மோனியா நெடியடிக்கும் கண்ணாடித் துடைப்பான். நான்காவது, வாசனை ஸ்பிரே. மூன்றுமே தேவையற்றவை. டாஷ்போர்டுக்கு ஈரத்துணி போதும். கண்ணாடிக்கு ஒரு ஈரமான மைக்ரோஃபைபர் துணியும் ஒரு உலர்ந்த துணியும் போதும். சுத்தமான காருக்குத் தனியே வாசனை வேண்டியதில்லை.

ஐந்தாவது பிளீச்சிங் கரைசல், ஆறாவது கழிப்பறை ஆசிட். இவை கார் துடைக்கும் பொருள்களே அல்ல. ஒன்றையொன்று நெருங்காமல் வெவ்வேறு இடங்களில் வைக்கச் சொன்னோம்.

ஏழாவதுதான் எங்களை அதிகம் கலங்கச் செய்தது. ஒரு குடிநீர்ப் புட்டியில், எவ்வித லேபிளும் இன்றி, நீர் போலத் தெளிவான ஒரு திரவம். சக்கரத்தின் கருமையைப் போக்கக் கடையில் சில்லறையாக ஊற்றித் தந்ததாகச் சொன்னார். சக்கரத் துப்புரவுத் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ கலந்திருக்கும். மற்ற அமிலங்கள் பட்டவுடன் எரியும். இவை நீர்த்த நிலையில் பட்டால், வலி தொடங்கவே சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் திசுக்களின் ஆழத்திற்கு ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிணைத்து, கடுமையான பாதிப்பில் இதயத் துடிப்பையே குலைக்கும். சக்கரத்திற்குச் சோப்பு நீரும் ஒரு பழைய பிரஷும் போதும். லேபிள் இல்லாத எதையும் வாங்காதீர்கள். வாங்கியதை வேறு புட்டிக்கு மாற்றாதீர்கள்.

ஏழில் எஞ்சியது ஒன்று. அதோடு இரண்டு வாளிகள், மூன்று மைக்ரோஃபைபர் துணிகள், ரப்பர் கையுறை. வேறு செலவு தேவையில்லை.

எப்படிப் பயன்படுத்துவது?

1. காரை நிழலில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். நான்கு கதவுகளையும் டிக்கியையும் திறந்து வையுங்கள். மழை பெய்தால் வேலையை மறுநாளைக்குத் தள்ளிப்போடுங்கள்.

2. முதலில் வெறும் நீரால் மண்ணைக் கழுவுங்கள். ஒரு வாளியில் சோப்பு நீர், மற்றதில் அலசும் நீர். கூரையில் தொடங்கிக் கீழ் நோக்கி வாருங்கள், சக்கரங்கள் இறுதியில்.

3. உட்புறத் தூசியைத் தட்டி எழுப்பாமல் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அல்லது ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். இவ்வேளையில் என்95 முகக்கவசம் அணியுங்கள்.

4. ஏதேனும் திரவம் பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில் துணியில் ஊற்றித் துடையுங்கள், காருக்குள் பீய்ச்சாதீர்கள்.

5. ஒரு பொருளோடு மற்றொரு பொருளை ஒருபோதும் கலக்காதீர்கள். பிளீச்சுடன் ஆசிட் சேர்ந்தால் குளோரின்; பிளீச்சுடன் அம்மோனியா சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயுக்கள்.

6. ஸ்டியரிங், பிரேக், கிளட்ச் மிதிகளில் பளபளப்புத் திரவம் படக்கூடாது; கையும் காலும் வழுக்கும். சீட் பெல்ட்டை மிதமான சோப்பு நீரால் மட்டும் துடையுங்கள். பிளீச் அதன் இழைகளை வலுவிழக்கச் செய்யும்.

7. முடித்த பின் குறைந்தது ஒரு மணி நேரம் கதவுகளைத் திறந்து வைத்து நன்கு உலரவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஸ்பிரே டப்பாக்களை விட்டுச் செல்லாதீர்கள். 50 டிகிரி செல்சியசுக்கு மேல் அவை வெடிக்கக்கூடும். கோடையில் மூடிய கார் அந்த வெப்பத்தை எளிதில் எட்டும்.

நோயாளி பயணம் செய்யும் கார்

ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் உட்புறத்தைத் துடைக்கும் பணியை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுவது நல்லது. துடைத்த அன்றே அந்தக் காரில் அவர்களை மருத்துவமனைக்கு அழைத்து வர நேர்ந்தால், கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிய பின் ஏற்றிக்கொள்ளுங்கள்.

உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பெற்றவர்கள், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் தூசி உறிஞ்சும்போது அருகில் இருக்கக் கூடாது. கால் விரிப்பு ஈரமாகவே கிடந்தால் பூஞ்சை வளரும்; அவர்களுக்கு அது நுரையீரல் தொற்றாக மாறலாம். மழைக்காலத்தில் விரிப்பை வெளியே எடுத்து முழுவதும் உலர்த்துங்கள்.

கீமோதெரபி முடிந்து வீடு திரும்பும் வழியில் நோயாளி காரில் வாந்தி எடுத்துவிட்டால் பதறவேண்டாம். சிகிச்சை முடிந்து 48 மணி நேரம் வரை உடல் திரவங்களில் மருந்தின் எச்சம் இருக்கக்கூடும். ஆகவே, ஒருமுறை பயன்படுத்தும் கையுறைகளை அணிந்து, தாளால் ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் இருமுறை துடைத்து, பயன்படுத்தியவற்றை இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கர்ப்பிணிகள் இப்பணியைச் செய்ய வேண்டாம்.

நறுமணத்திற்காகக் காரில் கற்பூரம் வைக்கும் வழக்கம் பெருகி வருகிறது. சிறு குழந்தை ஒரு துண்டை விழுங்கினாலும் வலிப்பு வரலாம். நாப்தலின் உருண்டைகளோ, ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. இரண்டும் காருக்குள் வேண்டாம்.

தார்க் கறைக்கென எடுத்து வைக்கும் மண்ணெண்ணெய், எஞ்சின் குளிர்விக்கும் திரவம், கண்ணாடி கழுவும் திரவம் ஆகியவற்றையும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குளிர்விப்பானில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது. கண்ணாடி கழுவும் திரவங்கள் சிலவற்றில் மெத்தனால் உண்டு. அது பார்வையைப் பறிக்கும்.

விபத்து நேர்ந்துவிட்டால்

கண்ணில் பட்டால், உடனே ஓடும் நீரில் இமையை விரித்துப் பிடித்து 15 முதல் 20 நிமிடங்கள் கழுவுங்கள். அதன் பின்னரே புறப்படுங்கள்.

தோலில் பட்டால், நனைந்த உடையைக் களைந்துவிட்டு அதே அளவு நேரம் நீரில் கழுவுங்கள். சக்கரத் துப்புரவுத் திரவம் பட்டிருந்தால், வலி இல்லாவிட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

வாயுவைச் சுவாசித்தால், உடனே திறந்த வெளிக்கு வந்துவிடுங்கள். அப்போது நலமாகத் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். எனவே 24 மணி நேரம் கவனமாக இருங்கள்; ஆஸ்துமா உள்ளவர்கள் உடனே வந்துவிடுங்கள்.

விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உப்பு நீரும் புகட்டாதீர்கள். மண்ணெண்ணெய் வாந்தியில் மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால், வயிற்றில் இருந்ததைவிடப் பெருந்தீங்கு செய்யும். அமிலமோ, ஏறிய வழியெல்லாம் மறுமுறை புண்ணாக்கும்.

எதுவாயினும் அந்தப் புட்டியைக் கையோடு கொண்டுவாருங்கள். என்ன பொருள் என்று தெரிந்தால் சிகிச்சையின் முதல் அரை மணி நேரம் வீணாகாது. ஆம்புலன்சுக்கு 108. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லா எண் 1800 116 117-இல் எந்நேரமும் அழைக்கலாம்.

கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்

அந்தப் பெரியவர் சென்ற வாரம் எங்களைப் பார்க்க வந்தார். ஞாயிறு இரவு இருமல் நின்று பல மாதங்கள் ஆகின்றன. நாங்கள் உயர்த்திய மருந்தைப் படிப்படியாகப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டோம். இவ்வாண்டுப் பூசைக்குக் காரைக் கழுவப்போவது பேரன். சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைப்பது மட்டும் தம் வேலை என்றார்.

இப்போது எங்கள் புறநோயாளிப் பிரிவில், இருமலோடு வருபவர்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று கூடியிருக்கிறது: "வீட்டில் எதை, எதைக்கொண்டு துடைக்கிறீர்கள்?" கூட்டம் மிகுந்த நாளில் நாங்கள் கேட்க மறந்துவிட்டால், நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த நாளில் இருமல் கூடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.