பல்லின் கறையும் பீங்கான் மேலோடும்

பெங்களூரில் கோரமங்கலாவை அடுத்துள்ள ஈஜிபுரா, பிழைப்பை நாடி வந்த மக்கள் நெருங்கி வாழும் பகுதியாகும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் அங்கு ஒரே தெருவில் ஒலிக்கின்றன. கோலார், தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற மாவட்டங்களிலிருந்து இத்தகைய நகர்ப் பகுதிகளுக்கு வருவோருள் சிலர், தம் ஊர்க் கிணற்றின் அடையாளத்தை முன்பற்களில் சுமந்து வருகின்றனர். சிலருக்குப் பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகள் இருக்கும். சிலருக்கு மஞ்சள் அல்லது பழுப்பு வரிகள் காணப்படும். கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை தேடும் இளைஞர்கள் வாயைக் கையால் மறைத்துப் பேசுவதற்கும், திருமணப் பேச்சில் பெண்கள் தலைகுனிந்து நிற்பதற்கும் இக்கறை காரணமாகின்றது. அவர்கள் பல் வைத்தியரிடம் கேட்கும் பரிகாரங்களுள் ஒன்று ‘வெனீர்’ என்னும் மேலோடு.

இக்கறை துப்புரவுக் குறைவினால் வருவதன்று. பல் ஈறுக்குள் உருவாகும் பருவத்தில், குடிநீரில் ஃபுளோரைடு அளவுக்கு மிஞ்சியிருந்தால், பற்சிப்பி முற்றாக இறுகாமல் நுண்துளைகளுடன் அமைகின்றது. பல் வெளிவந்தபின் அத்துளைகளில் நிறம் ஏறுகின்றது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஃபிரெடரிக் மெக்கே என்னும் பல் வைத்தியர் 1901 முதல் இக்கறையைக் கவனித்து வந்தார். 1931-இல்தான் அதன் காரணம் ஃபுளோரைடு எனத் தெரிந்தது. நம் நாட்டில் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் பல்லையும் எலும்பையும் தாக்கும் இந்நோயை ஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1937-இல் விவரித்தனர்.

முன்பற்களின் பற்சிப்பி ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிகின்றது. ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். மூத்த பிள்ளை ஃபுளோரைடு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பருகிப் பத்து வயதில் ஈஜிபுராவுக்கு வருகின்றான். தங்கை அங்கே பிறந்து காவேரி நீரைக் குடித்து வளர்கின்றாள். அண்ணனின் பற்களில் கறை நிலைத்திருக்கும். தங்கையின் பற்கள் தெளிவாக இருக்கும். இருவரும் உண்ணும் உணவும் துலக்கும் முறையும் ஒன்றே. வேறுபட்டது, பல் உருவான காலத்தில் பருகிய நீர் மட்டுமே.

தச்சர்கள் சாதாரணப் பலகைமேல் மெல்லிய தேக்குத் தகட்டை ஒட்டுவதை ஆசிரியர்கள் கண்டிருப்பர். பல் வெனீரும் அத்தகையதே. அரை மில்லிமீட்டர் அளவுள்ள பீங்கான் ஓட்டைப் பல்லின் முன்புறத்தில் ஒட்டுகின்றனர். 1920-களின் இறுதியில் சார்ல்ஸ் பின்கஸ் என்பவர் ஹாலிவுட் நடிகர்களுக்காக இத்தகைய ஓடுகளைச் செய்தார். ஆனால் அவை படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டியவை. பல்லோடு பிணைக்கும் பசை அன்று இல்லை. 1955-இல் மைக்கேல் புவோனகோர், பற்சிப்பியைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சிறிது அரித்தால் பிசின் உறுதியாகப் பற்றும் என்று காட்டினார். 1980-களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் அரித்து ஒட்டும் முறை வந்தது. அதன்பின் வெனீர் நிலையான சிகிச்சையாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஓட்டுக்கு இடம் செய்வதற்காகப் பற்சிப்பியைப் பெரும்பாலும் சிறிது தேய்த்து எடுக்க வேண்டியிருக்கின்றது. நகமும் முடியும் போல் பற்சிப்பி மீண்டும் வளர்வதில்லை. அதனை ஆக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. ஆகவே ஒருமுறை வெனீர் பொருத்தியவர், அது உடையும்போதும் கழலும்போதும் மீண்டும் பொருத்த வேண்டியவராகின்றார். மேலும், ஃபுளோரைடு ஏறிய பற்சிப்பி அமிலத்துக்கு எளிதில் இணங்குவதில்லை; அதனைப் பதப்படுத்தக் கூடுதல் கவனம் வேண்டும். பல்லும் ஈறும் முழு வளர்ச்சி அடையாத சிறுவர்களுக்கு இச்சிகிச்சையைப் பொதுவாகச் செய்வதில்லை.

ஆதலின் எளிய முறைகளை முதலில் நாடுவதே முறை. வெற்றிலை, தேநீர் ஆகியவற்றின் வெளிக்கறை, சுத்தம் செய்தாலே நீங்கும். இலேசான ஃபுளோரைடுக் கறைக்கு மேற்பரப்பை நுண்ணளவில் தேய்த்து மெருகிடுதலும், வெளுக்கச் செய்தலும் பல சமயங்களில் போதும். அதற்கு மேற்பட்டதற்கே பிசின் பூச்சும் பீங்கான் ஓடும் தேவை. சட்டப்படி பதிவு பெற்ற பல் வைத்தியரே இவற்றைச் செய்யத் தகுந்தவர். குறைந்த கட்டணத்தில் பல்லைத் தேய்த்து ஓடு ஒட்டித் தருவதாகக் கூறும் பயிற்சியற்றவரிடம் செல்பவர், நல்ல பல்லையும் இழக்க நேரிடும்.

வெனீர் கறையை மறைக்கும், நீரை மாற்றாது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம். வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். நீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு நீங்காது; நீர் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையை நாகபுரி சுற்றுப்புறப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் உருவாக்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவேரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

வகுப்பில் ஓரிரு பிள்ளைகளுக்கு மட்டும் பற்கறை இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். ஒரே ஊரில் வளர்ந்த பல பிள்ளைகளின் முன்பற்களில், இருபுறமும் ஒத்த நிலையில், வெண்திட்டோ பழுப்பு வரியோ காணப்பட்டால், ஆசிரியர் அதனைக் குறித்து வைத்து சுகாதார ஊழியருக்கு அறிவிக்க வேண்டும். ஊழியர் அவ்வூர் நீரின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். பல் துலக்கவில்லை என்று அப்பிள்ளைகளைக் கடிந்துகொள்வது தகாது. வளர்ந்தவனின் கறையை வைத்தியர் மறைக்கலாம். அவன் தம்பிக்கும் தங்கைக்கும் அக்கறை வராமல் தடுக்க, அவர்கள் எட்டு வயதை எட்டுமுன் நல்ல நீர் கிடைத்தாக வேண்டும்.