சீனக்குடா எண்ணெய்க் குதங்களும் போலந்தின் பாடமும்

பொதுவுடைமை ஆட்சிகள் வீழ்ந்த நாடுகளில் சில தழைத்தன, சில தடுமாறின. அரசின் சொத்தை எவ்வளவு வேகமாக விற்றார்கள் என்பதில்தான் பலரும் அதற்குக் காரணம் தேடுகிறார்கள். யாரைக் கேட்டுக் கைமாற்றினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1995இல் ரஷ்ய அரசு, வாங்கிய கடனுக்கு ஈடாக நோரில்ஸ்க் நிக்கல், யூக்கோஸ் போன்ற பெருநிறுவனங்களின் பங்குகளைச் சில வங்கிகளிடம் வைத்தது, வைத்தது மீளவில்லை. 1998இல் அந்த அரசே கடனைக் கட்ட முடியாமல் நின்றது. போலந்தும் 1990 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடுகளை ஒரேயடியாகத் தளர்த்தியது. தொழிலாளர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால், அதே ஆண்டு மே மாதத்தில் அங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அரச சொத்தில் ஒரு பகுதி அந்தச் சபைகளின் கைக்குப் போனது. 1993இல் கோபமுற்ற மக்கள், பழைய பொதுவுடைமையாளரின் வாரிசுகளையே வாக்களித்து ஆட்சியில் அமர்த்தினார்கள். அவர்களும் சீர்திருத்தத்தைக் குலைக்கவில்லை.

இலங்கை பொதுவுடைமை நாடாக இருந்ததில்லையே என்று கேட்கலாம். உண்மை, இங்கே ஒரு கட்சி ஆட்சி வந்ததில்லை. ஆனாலும் 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கி, சோவியத் எண்ணெய் வாங்கி, மேற்கத்தியக் கம்பனிகளின் சொத்தை அரசுடைமையாக்கிய நாடு, 1977இல் சந்தையைத் திறந்துவிட்டது. திருகோணமலைச் சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்க் குதங்கள் இந்த இரு காலங்களையும் கண்டவை. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அரசுடைமைக் காலத்தில் பெரும்பாலானவை காடு மண்டிக் கிடந்தன. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி. வந்த பின்னும் அப்படியே கிடந்தன. போரை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அது 2009இல் முடிந்துவிட்டது. 2022 ஜனவரி உடன்படிக்கைப்படி 14 குதங்கள் ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். நூற்றுக்கு நூறும் பங்கிடப்பட்டாயிற்று. திருகோணமலைக்கு அதில் ஒரு வீதமும் இல்லை.

துறைமுகம் நாட்டின் பாதுகாப்போடும் இந்திய உறவோடும் பிணைந்தது, ஊர்ச் சபைக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். பாதுகாப்பைக் கொழும்பே பார்க்கட்டும். எண்ணெய் கசிந்தால் கெடுவது குடாவில் வலை வீசுபவரின் பிழைப்பு; வேலை வந்தால் அது யாருக்கு என்பது இந்த மாவட்டத்து இளைஞரின் கேள்வி. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிந்தது. 2022இல் கையெழுத்தானபோது, இதையெல்லாம் கேட்க மக்கள் தெரிந்தெடுத்த மாகாண சபை இருக்கவில்லை. இனி எந்த அரசு புதிய ஒப்பந்தத்தோடு வந்தாலும், அதன் வாசகத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் கையெழுத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். 61 குதங்களின் நிறுவனத்தில் மாவட்டத்துக்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். திருகோணமலை வாசகர்களே, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.