சங்கத்தின் சாவி யார் கையில்?

ஒரு தெரு. அதில் 120 வீடுகள். தெருவுக்கு ஒரு சங்கம். சங்கத்துக்கு ஒரு தலைவர், ஒரு காரியதரிசி, ஒரு பொருளாளர்.

இப்படி ஒரு சங்கம் உங்கள் ஊரிலும் இருக்கும். குடியிருப்போர் சங்கமாக இருக்கலாம். கோவில் திருப்பணிக் கமிட்டியாக இருக்கலாம். கூடப் படித்தவர்கள் சேர்ந்து வைத்த பழைய மாணவர் சங்கமாகவும் இருக்கலாம். பெயர் எதுவானாலும் காரியதரிசிக்குக் கவலை ஒன்றுதான். எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும்.

அந்தக் காலத்தில் காரியதரிசி உட்கார்ந்து 120 கார்டு எழுதுவார். விரல் வீங்கும். அல்லது சுற்றறிக்கையை ஒரு நோட்டில் ஒட்டி, ஓர் ஆளிடம் கொடுத்து, வீடு வீடாக அனுப்புவார். படித்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள்.

இன்று அந்தச் சிரமம் இல்லை. ஈ-மெயில் இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டினால் 120 வீட்டுக்கும் கடிதம் போய்விடும்.

"அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். அப்புறம்தான் ஆரம்பம்!

எல்லாருக்கும் பதில்!

புதிதாக வந்த காரியதரிசி முதலில் என்ன செய்கிறார்? 120 பேருடைய விலாசத்தையும் கடிதத்தின் தலையில் வரிசையாக எழுதுகிறார். "ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம். தண்ணீர் லாரிப் பணம் பற்றிப் பேச வேண்டும்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்.

இதில் இரண்டு வினை இருக்கிறது. 120 பேருடைய விலாசமும் 120 பேருக்கும் தெரிந்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் மனை வியாபாரம் செய்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே எல்லாருக்கும் மனை விளம்பரம் வரும்!

இன்னொரு வினை இதைவிட வேடிக்கை. ஒருவர் "நான் வருகிறேன்" என்று பதில் எழுதுகிறார். 'எல்லாருக்கும் பதில்' என்ற பொத்தானைத் தட்டிவிடுகிறார். அது 120 பேருக்கும் போகிறது. "இது எனக்கு ஏன் வருகிறது?" என்று இன்னொருவர் 120 பேரையும் கேட்கிறார். "தயவுசெய்து யாரும் எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்" என்று மூன்றாமவர் எல்லாருக்கும் பதில் போடுகிறார்!

சிரிக்காதீர்கள். படித்த உத்தியோகஸ்தர்களுக்கே இது நடந்தது. 2016 நவம்பர் 14-ந் தேதி இங்கிலாந்தின் தேசிய சுகாதாரத் துறையில் ஒரு சோதனைக் கடிதம் தவறுதலாக 8 லட்சம் பேருக்கு மேல் போய்விட்டது. உடனே பதில்கள் கிளம்பின. பதிலுக்குப் பதில், அதற்குப் பதில் என்று கோடிக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன. டாக்டர்களும் நர்சுகளும் ஈ-மெயிலைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்.

விலாசங்களை மறைத்து அனுப்ப 'பி.சி.சி.' என்று ஒரு கட்டம் இருக்கிறது. 20, 30 பேர் உள்ள சங்கத்துக்கு அது போதும். கூட்டம் பெருத்தால் போதாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. தவிர, விலாச ஜாபிதா முழுவதும் காரியதரிசியின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் டில்லிக்கு மாற்றலாகிப் போனால் ஜாபிதாவும் டில்லிக்குப் போய்விடும்!

நடுவில் ஒரு தபாலாபீஸ்

இதற்காக ஏற்பட்டதுதான் குழு ஈ-மெயில். சங்கத்துக்கென்று ஒரே ஒரு விலாசம். அங்கத்தினர் யார் எழுதினாலும் அந்த விலாசத்துக்கு எழுதினால் போதும். நடுவில் ஒரு யந்திரம் தபாலாபீஸ் போல உட்கார்ந்திருக்கிறது. அது ஜாபிதாவைப் பார்த்து எல்லாருக்கும் பிரதி அனுப்பும். யார் விலாசமும் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றால் ஜாபிதாவை மறைத்து வைக்கலாம். எழுதுகிறவரின் விலாசம்தான் சில சமயம் கடிதத்தோடு தெரியும். அனுப்பிய கடிதத்தின் நகல் ஒன்றைத் தன்னிடமே பத்திரமாக வைத்துக்கொள்ளும்.

இது புது வித்தையும் அல்ல. பாரிசில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த எரிக் தாமஸ் என்ற மாணவர் 1986-லேயே இப்படி ஜாபிதாவைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு யந்திர ஏற்பாட்டைச் செய்தார். 'லிஸ்ட்செர்வ்' என்று அதற்குப் பெயர்.

யந்திரம் வைத்துக்கொள்ளும் அந்த நகல் இருக்கிறதே, அதுதான் முக்கியம். கூட்டத்தில் என்ன முடிவானது? கிணறு தூர்வார யார் எவ்வளவு கொடுத்தார்கள்? வழக்கு வந்தபோது வக்கீல் என்ன எழுதினார்? எல்லாம் அதில் இருக்கும். பத்து வருஷம் போனால் அதுவே சங்கத்தின் சரித்திரம்.

அந்தச் சரித்திரம் ஒரே நாளில் அழிந்துபோனால்? அப்படியும் நடந்திருக்கிறது.

யாஹூவின் கதை

'யாஹூ குரூப்ஸ்' என்ற பெயரைப் பெரியவர்கள் பலர் கேட்டிருப்பார்கள். 2000-ம் ஆண்டில் 'ஈகுரூப்ஸ்' என்ற கம்பெனியை யாஹூ விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு 'யாஹூ குரூப்ஸ்' வந்தது. இனாம்! காலணா கொடுக்க வேண்டாம். உலகம் முழுவதும் லட்சக்கணக்கான சங்கங்கள் அங்கே குடியேறின. பறவை பார்ப்பவர்கள், பூர்வீகம் தேடுபவர்கள், ஒரே நோயால் அவதிப்படுபவர்கள் எல்லாரும் அங்கே கூடினார்கள்.

தமிழர்களும் கூடினார்கள். 'அகத்தியர்', 'மரத்தடி', 'ராயர் காபி கிளப்' என்ற குழுக்கள் அங்கேதான் நடந்தன. ஊரை விட்டுக் கடல் கடந்து போனவர்கள் இரவில் உட்கார்ந்து கதை, கவிதை, வெண்பா என்று எழுதித் தள்ளினார்கள். அப்போது எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து சரியாகத் தெரியாது. 'திஸ்கி' என்ற எழுத்து முறையைத் தனியாகப் போட்டுக்கொண்டு படித்தார்கள். அத்தனை ஆசை!

2017-ல் யாஹூ 'வெரைசன்' கம்பெனி கைக்குப் போனது. 2019 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. "சேர்த்து வைத்த கடிதங்கள், படங்கள் எல்லாம் டிசம்பரில் அழிக்கப்படும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்பது அதன் சாரம். 18 வருஷச் சேமிப்புக்கு இரண்டு மாதத் தவணை! கூக்குரல் எழுந்தது. எடுத்துக்கொள்ள 2020 ஜனவரி 31 வரை அவகாசம் நீட்டினார்கள்.

பழைய எழுத்துக்களைக் காப்பாற்றவென்றே ஒரு தொண்டர் கூட்டம் இரவு பகலாக வேலை செய்தது. அவர்களுடைய கணக்குகள் பலவற்றைக் கம்பெனியே முடக்கியது. ஆனாலும் அவர்கள் கொஞ்சம் காப்பாற்றினார்கள். கடைசியில், 2020 டிசம்பர் 15-ந் தேதி யாஹூ குரூப்சின் கதவு அடியோடு மூடப்பட்டது.

நேரத்தில் நகல் எடுத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள்? குழுவைத் தொடங்கியவர் காலமாகியிருப்பார். அல்லது கடவுச்சொல்லை மறந்திருப்பார். அல்லது அவர் கொடுத்திருந்த பழைய ஈ-மெயிலே செத்துப்போயிருக்கும். சாவி இல்லாத வீட்டில் பெட்டி இருந்து என்ன பயன்?

எங்கே போவது?

யாஹூவை விட்டுக் கிளம்பியவர்களில் பலர் 'குரூப்ஸ்.ஐஓ' என்ற இடத்துக்குப் போனார்கள். அதை 2014-ல் தொடங்கியவர் மார்க் பிளெட்சர் என்ற அமெரிக்கர். இதில் ஒரு விசித்திரம். 'ஒன்லிஸ்ட்' என்ற பெயரில் 1997-ல் ஒரு குழுத் தபால் கம்பெனியை ஆரம்பித்தவரும் இவரே. அது ஈகுரூப்சோடு சேர்ந்து, பிறகு யாஹூவிடம் போனது. கடைசியில் தம் பழைய வாடிக்கைக்காரர்களுக்குத் தாமே மறுபடி இடம் கொடுத்தார்!

குரூப்ஸ்.ஐஓ நல்ல ஏற்பாடுதான். கடிதங்களைத் தலைப்புவாரியாகப் பிரிக்கலாம். நாட்காட்டி உண்டு. ஆனால் அங்கேயும் இனாம் நிலைக்கவில்லை. புதிதாகத் தொடங்கும் இலவசக் குழுவில் 100 பேருக்கு மேல் கூடாது என்று 2021-ல் வரம்பு போட்டார்கள். நம் 120 வீட்டுச் சங்கத்துக்கு அது எட்டாது. சந்தா கட்ட வேண்டும். சேருகிற நாளில் விலைப் பட்டியலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

'கூகுள் குரூப்ஸ்' இனாமாகக் கிடைக்கிறது. நம் ஊரில் ஜிமெயில் இல்லாதவர் குறைவு. ஆகவே சேர்ப்பது சுலபம். ஜிமெயில் இல்லாத பெரியவரின் விலாசத்துக்கும் கடிதம் போகும். சின்ன, நடுத்தரச் சங்கத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை. கடிதங்களை யார் பார்க்கலாம் என்பதை ஒரு கட்டத்தில் குறிக்க வேண்டும். அதில் 'யாரும் பார்க்கலாம்' என்று அசட்டையாக விட்டுவிட்டால் உலகமே பார்க்கும். 2018-ல் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் உள் கடிதங்கள் இப்படித் திறந்து கிடந்தது வெளிப்பட்டது. 'அங்கத்தினர் மட்டும்' என்று குறித்து வையுங்கள். தனிமனிதரின் தகவலைக் காப்பாற்ற நம் பார்லிமெண்டே 2023-ல் ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. விலாசத்தோடு விளையாடக் கூடாது.

கூகுள் பெரிய கம்பெனியாயிற்றே, அது நிலைத்து நிற்காதா? யாஹூவும் ஒரு காலத்தில் பெரிய கம்பெனிதான்! 'கூகுள் பிளஸ்' என்ற கூடத்தைக் கூகுளே 2019 ஏப்ரலில் மூடியது.

'மெயில்மேன்' என்று இன்னொன்று உண்டு. இலவச மென்பொருள். சொந்தமாக வாடகைக்கு இடம் பிடித்து நடத்தலாம். வீட்டில் கிணறு தோண்டுவது போல. தண்ணீர் நம்முடையது; தூர்வாருவதும் நம் தலையில்! கம்ப்யூட்டர் தெரிந்த அங்கத்தினர் இல்லாவிட்டால் பக்கத்தில் போக வேண்டாம்.

வாட்ஸ்அப் போதாதா?

கட்டாயம் கேட்பீர்கள். "லிப்ட் ஓடவில்லை", "நாய் காணவில்லை" என்பதற்கு வாட்ஸ்அப் நல்லது. ஆண்டுக் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். காலை வணக்கமும் ரோஜாப்பூப் படமும் வந்து மூடிவிடும். மூன்று மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. பலர் கைப்பேசியை மாற்றும்போது பழையதெல்லாம் போய்விடுகிறது. அவசரத்துக்கு வாட்ஸ்அப், ஆவணத்துக்கு ஈ-மெயில் என்று பிரித்துக்கொண்ட சங்கங்களில் சண்டை குறைவு. முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஈ-மெயில் அதிகம் வந்தால் வயதானவர்கள் சலித்துக்கொள்வார்கள். அவர்களுக்காக, பல கடிதங்களை ஒன்றாகக் கட்டி அனுப்பும் வசதி இரண்டு இடத்திலும் இருக்கிறது. காரியதரிசி மட்டும் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம் என்றும் வைக்கலாம். புதிதாகச் சேர்ந்தவர் எழுதுவதைப் பார்த்துவிட்டு அனுப்பலாம். தேர்தல் சமயத்தில் இது மிகவும் உபயோகம்!

கடிதம் வரவில்லை என்று புகார் வந்தால் 'ஸ்பாம்' பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. கடிதத்தில் அனுப்புகிறவர் பெயர் ஒன்று. முத்திரையோ வேறு தபாலாபீஸ் முத்திரை. தபால்காரருக்குச் சந்தேகம் வராதா? 2014 ஏப்ரலில் யாஹூ இந்த விஷயத்தில் கெடுபிடி செய்தபோது உலகம் முழுவதும் குழுக் கடிதங்கள் திரும்பி வந்தன. நல்ல சேவைகள் இப்போது அனுப்புநர் விலாசத்தைக் குழுவின் பெயருக்கு மாற்றிச் சரிக்கட்டுகின்றன.

மூன்று பேர்

சேவையைத் தேர்ந்தெடுக்கக் கமிட்டி கூடும்போது "எவ்வளவு செலவு?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். நான் அந்தக் கமிட்டியில் இருந்தால் வேறு இரண்டு கேள்வி கேட்பேன். சாவி யார் யார் கையில்? நாளைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் நம் கடிதங்களையும் ஜாபிதாவையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இரண்டாவது கேள்விக்குக் கூகுளிலும் குரூப்ஸ்.ஐஓவிலும் "முடியும்" என்பதே பதில். உரிமையாளராக உள்ளவர் எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம்.

முதல் கேள்வியில்தான் சங்கங்கள் இடறி விழுகின்றன. தேர்தல் முடிகிறது. பழைய காரியதரிசி தோற்றுப்போகிறார். "கணக்கு என் சொந்தக் கணக்கு, தர மாட்டேன்" என்கிறார். என்ன செய்வீர்கள்? கம்பெனியிடம் முறையிட்டால், யார் உரிமையாளர் என்று யந்திரத்தில் இருக்கிறதோ அவரைத்தான் அது அறியும். உங்கள் தேர்தல் அதற்குத் தெரியாது!

ஆகையால் முதல் நாளே மூன்று பேரை உரிமையாளராகப் போடுங்கள். தலைவர், காரியதரிசி, இன்னும் ஓர் அங்கத்தினர். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் வேண்டாம்! சங்கத்தின் பெயரில் தனி ஈ-மெயில் கணக்கு ஒன்று திறந்து, அதையும் உரிமையாளராகச் சேர்ப்பது இன்னும் நல்லது. பதவி மாறும்போது மினிட் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, பாங்கு பாஸ்புத்தகத்தோடு இந்தச் சாவியும் கைமாறியது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கொஞ்சம் செலவு செய்யத் தயாரானால், சங்கத்தின் பெயரிலேயே ஒரு இணைய விலாசம் வாங்கி வைக்கலாம். வருஷச் சந்தா கட்ட வேண்டும். தபாலாபீஸை மாற்றினாலும் விலாசம் மாறாது.

வருஷத்துக்கு ஒரு முறை, மகாசபைக் கூட்டத்துக்கு முதல் வாரம், எல்லாக் கடிதங்களையும் ஒரு பென் டிரைவில் இறக்குங்கள். பொருளாளர் வீட்டு பீரோவில் ஒன்று, தலைவர் வீட்டில் ஒன்று. வைத்ததோடு விட்டுவிடாமல் ஒரு முறை திறந்தும் பாருங்கள். 'தண்டர்பேர்டு' என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். தெருவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கூப்பிட்டு உட்கார வைத்து, ஒரு காபி கொடுத்தால் அரை மணியில் திறந்து காட்டிவிடுவார்கள்.