விழுந்தால் படம் எடுப்பதா?

நிஜம் ஓடும் திரை – 23

சென்ற வாரம் கடலுக்கடியில் கேமராவோடு போனவர்களைப் பார்த்தோம். இந்த வாரம் அப்படியே தலைகீழ். செங்குத்தான பாறையில் தொற்றி ஏறுகிறவர்களைப் பற்றிய படங்கள்.

இந்த வகையில் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. கடந்த இருபது வருடங்களில் மூட்டை மூட்டையாக எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தவை. சூரிய உதயம், சட்டை போடாத இளைஞன், தலைக்கு மேல் ட்ரோன், டமடமவென்று இசை, உச்சியில் நின்று கையை விரித்தல். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அவற்றைக் கழித்துவிட்டால் உட்கார்ந்து பார்க்க நாலைந்து தேறும். அந்த நாலைந்தையும் பார்க்கும்போது எனக்கு ஏறுகிறவரைவிட அவரைப் படம் பிடிக்கிறவர் மேல்தான் கண் போகிறது. அவர் எங்கே தொங்கிக்கொண்டிருக்கிறார்? அவர் அங்கே இருப்பதால் ஏறுகிறவருக்கு என்ன ஆகிறது?

கதைப் படங்களை முதலில் முடித்துவிடலாம். நம்மூர் சினிமாவில் மலையுச்சி இருப்பதே வில்லன் உருண்டு விழத்தான். ஹாலிவுட்டும் பெரிதாக உசத்தி இல்லை. சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்து 1993-இல் வந்த 'கிளிஃப்ஹேங்கர்' பலருக்கு நினைவிருக்கும். ஆரம்பக் காட்சியிலேயே ஒரு பெண்ணின் இடுப்புவார்க் கொக்கி பிய்ந்து, அவர் ஸ்டாலோனின் கையிலிருந்து நழுவி அதலபாதாளத்தில் விழுவார். கொக்கி அப்படியெல்லாம் பிய்யாது, படத்துக்காக மாற்றிச் செய்தது என்று கடைசியில் எழுத்துப் போட வேண்டியதாயிற்று. கதை இப்படி இருந்தாலும் ஸ்டாலோனுக்கு டூப் போட்டவர் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனியின் வோல்ஃப்காங் குல்லிச். 1991-இல் 'ஆக்‌ஷன் டிரெக்ட்' என்ற பாறைத் தடத்தை முதன்முதலில் ஏறியவர். அன்றைக்கு உலகத்திலேயே கடினமான தடம் அதுதான். பாறையில் பிழைத்தவர், படம் வெளிவருவதற்கு முன்பே 1992-இல் கார் விபத்தில் இறந்துபோனார். படத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்கள்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி நடித்த 'தி ஐகர் சாங்ஷன்' (1975) அதற்கும் முந்தியது. சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையிலேயே போய் எடுத்தார்கள். படப்பிடிப்பில் உதவிய டேவிட் நோல்ஸ் என்ற பிரிட்டிஷ் மலையேறி, மேலிருந்து விழுந்த கல் பட்டு அங்கேயே இறந்தார். படத்தை நிறுத்திவிடலாமா என்று யோசித்த ஈஸ்ட்வுட், பிறகு எடுத்து முடித்தார். உளவாளிக் கதை அரதப்பழசு. மலையில் எடுத்த காட்சிகளுக்காகப் பார்க்கலாம், அந்தச் சாவு தெரிந்தபின் நிம்மதியாகப் பார்க்க முடிந்தால்.

நாம் பேச வந்தது 'ஃப்ரீ சோலோ' (2018).

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிட்டன் என்று ஒரு கிரானைட் சுவர் இருக்கிறது. உயரம் சுமார் 3,000 அடி. துபாயின் புர்ஜ் கலீஃபாவே 2,717 அடிதான். முற்காலத்தில் இதில் ஏறியவர்கள் ஆணி அடித்து, கயிற்றைப் பிடித்துத் தொங்கித் தொங்கி மேலே போனார்கள். பிறகு வந்தவர்கள் ஏறுவதற்குக் கை, கால் மட்டும்தான், தவறி விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் கயிறு என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் கயிற்றையும் அவிழ்த்து வைத்துவிட்டு ஏறினால் அதுதான் ஃப்ரீ சோலோ. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் என்ற 31 வயது ஆள், 'ஃப்ரீரைடர்' என்ற தடத்தின் வழியே எல் கேப்பிட்டனை அப்படி ஏறி முடித்தார். 3 மணி 56 நிமிடம். அதற்கு முன் யாரும் செய்ததில்லை.

இயக்கியவர்கள் எலிசபெத் சாய் வசர்ஹெலியும் அவர் கணவர் ஜிம்மி சின்னும். சின் தேர்ந்த மலையேறி, ஹானல்டுக்குப் பல வருட நண்பர். மற்ற கேமராமேன்களும் அப்படித்தான். மலையேறத் தெரியாதவர் அந்தச் சுவரில் கேமராவைத் தூக்கவே முடியாது. ஆகவே நண்பன் செத்துப்போகக்கூடிய ஒரு காரியத்தை நண்பர்களே சுற்றித் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். ஒரு சின்னக் கல்லைத் தட்டிவிட்டால் போதும், கயிறு அசைந்து அவன் பார்வையில் பட்டால் போதும். அதைவிட மோசமானது, கேமரா காத்திருக்கிறதே என்பதற்காக அவன் மனசில்லாமல் ஏறுவது. அவன் விழுந்தால் கேமரா சட்டத்துக்குள் விழுந்து, அதிலேயே கடந்து போவான். படம் இந்தப் பேச்சை மறைக்கவில்லை. கேமராமேன்கள் உட்கார்ந்து இதையெல்லாம் பேசுவதையும் காட்டுகிறார்கள்.

முதல் முயற்சி 2016 இலையுதிர் காலத்தில். கணுக்கால் சுளுக்கு முழுதாக ஆறவில்லை. விடிவதற்கு முன்னால் நெற்றி விளக்கோடு ஏற ஆரம்பித்த ஹானல்ட், கீழ்ப்பகுதியில் 'ஃப்ரீபிளாஸ்ட்' என்ற இடத்தில் நின்றுவிடுகிறார். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. வழவழப்பான சரிவில் காலணி ரப்பரின் உராய்வை மட்டும் நம்பி எழுந்து நிற்க வேண்டும். அவர் நம்பவில்லை. திரும்பிவிட்டார். இத்தனை பேர் கேமராவோடு காத்திருக்க, வேண்டாம் என்று அவரால் இறங்க முடிந்ததே, அந்த இடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. உச்சியை எட்டிய காட்சியைவிட இதையே படத்தின் சிறந்த கட்டம் என்பேன்.

அடுத்த ஜூனில் ஏறியபோது, பாதிக்கு மேலே 'போல்டர் பிராப்ளம்' என்ற இடம். மொத்தத் தடத்திலும் கஷ்டமானது அது. பாறையில் பொருக்கு மாதிரி ஒரு துருத்தல், அதில் ஒரு கட்டைவிரலின் நுனி மட்டும் ஒட்டும். அந்த விரலை எடுத்துக்கொண்டே அதே இடத்தில் மறு கையின் கட்டைவிரலை நுழைக்க வேண்டும். பிறகு ஒரு காலை கராத்தே உதை போல அகல வீசி, பக்கவாட்டுச் சுவரில் பதிக்க வேண்டும். எட்டாமல் போனால் கீழே தரைதான். இதற்குப் பதிலாக இரண்டு கையையும் விட்டு மேல் விளிம்புக்குத் தாவும் வழியும் உண்டு. கயிறு கட்டி இரண்டையும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு உதையைத் தேர்ந்தெடுத்தார். அந்த இடத்தில் ஆள் யாரும் கேமராவோடு இருக்கக்கூடாது என்று முடிவாயிற்று. தூரத்திலிருந்து இயக்கும் கேமராவைப் பொருத்திவிட்டு விலகிக்கொண்டார்கள். காரியம் முடிந்ததும் ஹானல்ட் அந்த ஆளில்லாக் கேமராவைப் பார்த்து ஒரு இளிப்பு இளிக்கிறார் பாருங்கள், நமக்குக் கை வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்கும்.

அதே நேரம் கீழே தரையில், நீண்ட லென்ஸோடு மைக்கி ஷேஃபர். பார்க்க முடியாமல் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்கிறார். கேமரா பாட்டுக்கு ஓடுகிறது. இந்தப் படத்தை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியதற்கு இவர் ஒருவரே போதும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஹானல்டின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து, பயத்தைக் கையாளும் அமிக்டலா மற்றவர்களைப் போல எளிதில் கிளர்வதில்லை என்று காட்டும் பகுதி வெறும் வித்தை. பல வருடம் பயத்தோடு பழகியதால் மூளை அப்படி ஆனதா, பிறக்கும்போதே அப்படியா என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஆஸ்கர் கிடைத்த படம்தான், அதனால் என்ன?

அதைவிட எனக்குப் பிடித்தது 'தி டான் வால்'. அதே எல் கேப்பிட்டன், வேறு முகம். விடிகாலை வெயில் முதலில் படும் மழமழ முகம். டாமி கால்ட்வெல், கெவின் ஜோர்கெசன் என்ற இருவர் கயிற்றோடுதான் ஏறுகிறார்கள். ஆகவே சாவு பயம் குறைவு. ஆனால் ஒவ்வொரு கயிற்று நீளத்தையும் விழாமல் ஏறினால்தான் கணக்கு. விழுந்தால் அந்தப் பகுதியை மறுபடி முதலிலிருந்து. 2014 டிசம்பர் 27 அன்று ஏற ஆரம்பித்தார்கள். சுவரில் தொங்கும் மடக்குக் கட்டிலிலேயே சாப்பாடு, தூக்கம், எல்லாம்.

கால்ட்வெல்லுக்கு இடது ஆட்காட்டி விரலில் பாதி இல்லை. 2001-இல் மரம் அறுக்கும் ரம்பத்தில் போயிற்று. அதற்கு முந்தின வருடம் கிர்கிஸ்தானில் ஏறப் போனபோது ஆயுதக் குழு ஒன்று அவரையும் நண்பர்கள் மூவரையும் பிடித்து வைத்திருந்தது. தப்பிப்பதற்காகக் காவலுக்கிருந்தவனை மலைச்சரிவில் தள்ளிவிட்டார். கொன்றுவிட்டோம் என்றே நினைத்திருந்தார். அவன் பிழைத்துக்கொண்டது பிறகுதான் தெரிந்தது. கதாசிரியர் யாராவது இப்படி எழுதிக்கொண்டு வந்தால், தயாரிப்பாளர் 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார்' என்பார்.

நான் கவனிக்கச் சொல்வது விரல்களை. ஜனவரிக் குளிரில், ராத்திரியில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் ஏறுகிறார்கள். குளிரில் கை வேர்க்காது, பாறையில் பிடிப்பு நன்றாக இருக்கும் என்பதற்காக. பிடிகள் பிளேடு விளிம்பு போல இருக்கின்றன. விரல் நுனி கிழிகிறது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஏறுகிறார்கள், மறுபடி கிழிகிறது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து கைக்குக் களிம்பு தடவினார் கால்ட்வெல். தோல் ஆறும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

பதினைந்தாவது பகுதியில் ஜோர்கெசன் மாட்டிக்கொள்கிறார். பக்கவாட்டில் நகர வேண்டிய இடம். விழுகிறார், விழுகிறார், ஒரு வாரமாக விழுந்துகொண்டே இருக்கிறார். இதற்குள் செய்தி பரவி, கீழே புல்வெளியில் பத்திரிகைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கடினப் பகுதிகளையெல்லாம் தாண்டிவிட்ட கால்ட்வெல், தனியாகப் போய் முடித்திருக்கலாம். ஆறேழு வருட உழைப்பு அது. அவர் போகவில்லை, கீழே இறங்கி வந்து காத்திருந்தார். ஜனவரி 9 அன்று ஜோர்கெசன் அந்த இடத்தைத் தாண்டினார். 14-ஆம் தேதி இருவரும் சேர்ந்து உச்சியைத் தொட்டார்கள்.

இந்த ஜோர்கெசன் எப்படி வந்து சேர்ந்தார் தெரியுமா? அவர் சின்னப் பாறைகளில் ஏறுகிறவர். எல் கேப்பிட்டன் மாதிரி பெரும் சுவரில் ஏறியதே இல்லை. 'புரோகிரஷன்' என்று 2009-இல் வந்த ஒரு படத்தில் கால்ட்வெல் இந்தச் சுவரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, 'துணைக்கு ஆள் வேண்டுமா' என்று மின்னஞ்சல் அனுப்பினார். படம் பார்த்தவர் அடுத்த படத்துக்குள்ளேயே வந்துவிட்டார். கேமரா கெடுத்த கதைகளுக்கு நடுவே இது கேமரா ஆள் சேர்த்துக் கொடுத்த கதை.

சுருக்கமாக வேறு சில. யோசெமிட்டியின் ஐம்பது, அறுபது வருடச் சரித்திரம் வேண்டுமென்றால் 'வேலி அப்ரைசிங்' (2014). ராயல் ராபின்ஸ், வாரன் ஹார்டிங் என்ற இரண்டு மலையேறிகளின் சண்டையெல்லாம் கலகலப்பாக இருக்கும். ஆனால் எல் கேப்பிட்டனின் 'நோஸ்' தடத்தை 1993-இல் முதன்முதலாகக் கை, கால் மட்டும் வைத்து ஏறியது லின் ஹில் என்ற பெண். அவருக்கு இதில் கிடைத்த நேரம் கொஞ்சம்தான், எனக்கு ஆறவே இல்லை. இந்திய மலையைப் பார்க்க ஆசையென்றால் ஜிம்மி சின் தம்பதியின் 'மேரு' (2015). உத்தராகண்டில் கங்கோத்ரிப் பக்கம் இருக்கும் சிகரம். 2008-இல் உச்சிக்குச் சுமார் 100 மீட்டர் கீழே வந்து தோற்றுத் திரும்பி, 2011-இல் ஜெயித்தார்கள். இதில் ஏறுகிற மூவரில் இருவரே கேமராவும் பிடிக்கிறார்கள், ஆகவே நம் கேள்விக்கே இடமில்லை. 'டச்சிங் தி வாய்ட்' (2003) கேமராவே இல்லாமல் நடந்ததை நடிகர்களை வைத்துத் திரும்ப எடுத்தது. 1985-இல் பெரு நாட்டுச் சியூலா கிராண்டே மலையில், கால் உடைந்து கயிற்றில் தொங்கிய ஜோ சிம்சனின் கயிற்றை நண்பர் சைமன் யேட்ஸ் அறுத்துவிடுகிறார். சிம்சன் பனிப்பிளவில் விழுந்தும் தவழ்ந்து திரும்பிவிடுகிறார். இருவரும் நேராகக் கேமராவைப் பார்த்துச் சொல்லும் இடங்கள் நடித்துக் காட்டிய காட்சிகளைவிடப் பயங்கரம்.

கடைசியாக 'தி ஆல்பினிஸ்ட்' (2021). மார்க்-ஆந்த்ரே லெக்லர்க், கனடாக்காரர், இருபதுகளில் இருந்தவர். பாறையும் உண்டு, பெரும்பாலும் பனிக்கட்டி. கையளவு ஐஸ் கோடாரியை உறைந்த அருவியில் கொத்தி, கயிறில்லாமல் ஏறுவார். பாறையாவது அங்கேயே இருக்கும், பனிக்கட்டி எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது. துணிச்சலாக ஏறுகிறவர் யார் என்று கேட்டால் ஹானல்டே இவர் பெயரைச் சொல்கிறார். பீட்டர் மார்ட்டிமரும் நிக் ரோசனும் இவரைப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். முதலில் நன்றாகத்தான் போகிறது. பிறகு ஆள் காணாமல் போய்விடுகிறார். கையில் போன் கிடையாது. இயக்குநர்கள் அங்கே இங்கே விசாரித்துக்கொண்டிருக்கையில், மவுண்ட் ராப்சனின் எம்பரர் முகத்தை அவர் தனியாக ஏறி முடித்த செய்தி வருகிறது. அதுவரை யாரும் தனியாக ஏறாத முகம். படமெடுக்க அத்தனை செலவு செய்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், கூட ஒருத்தர் இருந்தால் அது தனியாக ஏறினதாகுமா என்கிறார். கோபப்படவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் அந்த இயக்குநர்கள் நிற்கிற நிலையைப் படத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

படம் முடிவதற்குள், 2018 மார்ச்சில், அலாஸ்காவின் மெண்டன்ஹால் டவர்ஸ் மலையில் புதுத் தடம் ஒன்றை ஏறி முடித்துவிட்டு இறங்கும்போது லெக்லர்க்கும் கூட ஏறிய ரயன் ஜான்சனும் காணாமல் போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. லெக்லர்க்குக்கு 25 வயது. அங்கே எந்தப் படக்குழுவும் போகவில்லை. கேமரா அவரைத் தூண்டிவிட்டது என்று யாரும் சொல்ல வழியில்லை. அவருடைய அம்மாவும் காதலி பிரெட் ஹாரிங்டனும் பேசும் பகுதியை இயக்குநர்கள் இசையைக் கொட்டிக் கெடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் 'தி டான் வால்' போடுங்கள். 'ஃப்ரீ சோலோ'வை அவர்கள் தூங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இருக்கிற வீடுகளில் அதுதான் நல்லது. 'தி ஆல்பினிஸ்ட்' பார்க்கிற அன்றைக்கு வேறு படம் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

(அடுத்த வாரம்: எரிமலை வாயில் கேமராவோடு நின்ற தம்பதி)