மஞ்சளிக்கும் கஞ்சா இலை: கனடா வீட்டு வளர்ப்பில் மருந்தும் சட்டமும்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ள கஞ்சாச் சட்டம், வயதுவந்தோர் தம் சொந்தப் பயன்பாட்டிற்காக வீட்டில் கஞ்சாச் செடி வளர்க்க இடமளிக்கிறது. எனினும் நான்கு செடி என்னும் வரம்பு ஆளுக்கு அன்று, வீட்டுக்கு என்பதால், ஒரே கூரையின்கீழ் ஐந்து பெரியவர்கள் வாழ்ந்தாலும் எண்ணிக்கை நான்கைத் தாண்டக்கூடாது. கியூபெக் மாகாணம் அந்த நான்கையும் தடுத்துள்ளது. அத்தடை செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. வாடகை ஒப்பந்தமும் அடுக்குமாடிக் குடியிருப்பின் விதிகளும் தனியே தடை விதிக்கலாம்.

இவ்வாறு வளர்க்கப்படும் செடியில் மிகுதியாகத் தென்படும் கோளாறு பச்சையச் சோகை, அதாவது இலையின் பச்சையம் குன்றி நிறம் வெளிறுவது. இதைக் கண்டதும் உரம் ஊற்றுவது பலருடைய வழக்கமாயினும், எந்த இலையில் தொடங்கியது என்று பார்ப்பதே முதல் வேலை. தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அவற்றை உருவித் தளிர்களுக்கு அனுப்புவதால், அடியிலைகளே முதலில் வெளிறும். இலை முழுதும் ஒரே சீராக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு என்றும், நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு என்றும் கொள்ளலாம். இரும்புச்சத்து எளிதில் இடம்பெயராது. ஆகவே அதே நரம்புக் கோலம் நுனித் தளிரில் தோன்றினால் ஐயம் இரும்பின்மேல் செல்லவேண்டும். விளிம்பு மட்டும் கருகுவது சாம்பல்சத்துக் குறைவாலும் நேரும், உரம் மிகுந்ததாலும் நேரும் என்பதால், அந்த ஓர் அறிகுறியை மட்டும் நம்பி உரமிடுவது ஆபத்து.

சத்து மண்ணில் இருந்தும் வேர் அதை எடுக்க முடியாத நிலையும் உண்டு. தொட்டி மண்ணின் கார அமில நிலை ஏறத்தாழ 6க்கும் 7க்கும் இடையே இருக்கவேண்டும். அது பிறழ்ந்தாலோ, நீர் தேங்கி வேர் மூச்சுத் திணறினாலோ, எவ்வளவு உரமிட்டாலும் மஞ்சள் மாறாது. அந்நிலையைக் காட்டும் அளவுமானியால் மண்ணைச் சோதித்து, மேல்மண் ஒரு விரற்கணு ஆழம் உலரும்வரை நீரை நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத மருத்துவம். முற்றிலும் மஞ்சளித்த இலை பெரும்பாலும் மீண்டும் பச்சையாகாது என்பதால், குணத்தைப் புதுத் தளிரில்தான் தேடவேண்டும். பூத்து முதிரும் பருவத்தில் அடியிலை பழுப்பது மூப்பே. அதற்கு மருந்து வேண்டா.

ஊசி குத்தினாற்போன்ற வெளிர்ப்புள்ளிகள் இருந்து, இலையின் அடிப்புறத்தில் நுண்ணிய நூலாம்படையும் தெரிந்தால், அது சத்துக் குறைவன்று, சிலந்திப் பூச்சியின் வேலை. வெண்பொடி படிந்திருந்தால் சாம்பல் நோய். மெய்யான இடர் தொடங்குவது இவற்றுக்கு மருந்து தெளிக்கும்போதுதான். திராட்சைக்குத் தெளிக்கப்படும் மைக்ளோபியூட்டனில் என்னும் பூஞ்சாணக்கொல்லி, புகைக்கும்போது சூடேறிச் சிதைந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சுவாயுவை வெளியிடக்கூடியது. உரிமம் பெற்ற கனடிய நிறுவனங்கள் சிலவற்றின் சரக்கிலேயே அது கண்டறியப்பட்டுத் திரும்பப்பெறப்பட்டதையடுத்து, வணிகக் கஞ்சாவுக்குப் பூச்சிக்கொல்லிச் சோதனை கட்டாயமாயிற்று. வீட்டுச் செடிக்கு அத்தகைய காவல் எதுவும் இல்லை. எனவே கஞ்சாவுக்கென்று பதிவான மருந்தா என்று புட்டியின் சீட்டைப் படித்த பின்னரே தெளிக்கவேண்டும். தாக்குண்ட இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கூட்டுவதே பல வேளைகளில் போதும். பூஞ்சணம் பிடித்த பூவைக் கழுவிக் காப்பாற்ற முயலாமல் எறிந்துவிடவேண்டும். நோயெதிர்ப்பாற்றல் குன்றியோரின் நுரையீரலுக்கு அது உயிராபத்தாகலாம்.

வெளிறிய செடி பட்டுப்போகுமோ என்றஞ்சி மாற்றுக்கென ஐந்தாவதாக ஒன்றை வைப்பதும் வரம்பு மீறலே. ஐந்தாறு செடியளவில் அபராதச் சீட்டோடு முடியலாம் எனினும், வரம்பு மீறி வளர்க்கும் குற்றத்திற்கு உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை; 10 ஆண்டோ அதற்கு மேலோ உச்சத் தண்டனையுள்ள குற்றத்தில் தண்டிக்கப்படும் நிரந்தரவாசி, குடிவரவுச் சட்டப்படி நாட்டில் தங்கும் உரிமையையே இழக்க நேரலாம். குடியுரிமை பெறாத புலம்பெயர் தமிழருக்கு மஞ்சள் இலையைவிட இதுவே பெரிய கவலை. ஊருக்குப் போகும்போது விதையை எடுத்துச் செல்வதும் கனடாவில் ஏற்றுமதிக் குற்றம். அதைத் தமிழ்நாட்டில் முளைக்கவைத்தால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒற்றைத் தொட்டிச் செடிக்கும் 10 ஆண்டுவரை கடுங்காவல் உண்டு.